விமானம் மாறும் இடத்தில் விசா வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. டொரன்டோவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறார், கனடா விசா வந்துவிட்டது. நியூயார்க்கில் மாறிப் போனால் டிக்கெட் விலை குறைகிறது. ஏழு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும்தானே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: போதாதுங்க. எத்தனை மணி நேரம் என்பதை விடுங்கள், இமிக்ரேஷன் கவுன்டரைத் தாண்ட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் அடுத்த விமானம் வேறு நாட்டுக்குத்தான் என்றாலும் இறங்கியவர் இமிக்ரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கு இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு சி-1 என்ற டிரான்சிட் விசாவோ வேறு அமெரிக்க விசாவோ வேண்டும், கனடா விசா அங்கே எடுபடாது. அமெரிக்க விசா இல்லாவிட்டால் நம் ஊர் செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதே கனடா விசாவுக்கு லண்டனில் மதிப்பு உண்டு. அங்கே உள்ளேயே மாறுவதற்கும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா கேட்பார்கள், ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் விலக்கு. துபாய், தோஹா வழி என்றால், ஒரே டிக்கெட்டாக எடுத்து வெளியே வராமல் இருக்கும்வரை விசா பேச்சே இல்லை. நான் துபாய் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அப்புறம், டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், காசு கிடையாது. தேயிலைத் தோட்டத்து மேடெல்லாம் ஏறி இறங்குகிற அம்மா "எனக்கு எதுக்குடா வண்டி" என்பார். விமானம் ஏறும் கேட்டைத் தேடி அலைவதற்குப் பதில் ஓர் ஆள் கூட்டிப் போய் விடுவார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூர்-சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்-சிட்னி தனி டிக்கெட். நடுவில் ஒன்பது மணி நேரம். ஆஸ்திரேலிய விசா இருக்கிறது. சிங்கப்பூருக்கும் விசா வேண்டுமா?
- வாசகர், குன்னூர்

பதில்: தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் நீங்களே லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டும், அதாவது நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஆஸ்திரேலிய விசா இருப்பதால் 96 மணி நேரம்வரை விசா இல்லாமல் விடும் சலுகை உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அந்த விசாவில் குறைந்தது ஒரு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், அடுத்த டிக்கெட்டும் உறுதியாகியிருக்க வேண்டும். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வராது, விசா கிடைத்ததாக வந்த கடிதத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது இலவசம், பணம் கேட்கிற தளம் போலி.

நானும் இப்படி ரெண்டு டிக்கெட் எடுத்தவன்தான். முதல் விமானம் தாமதம், இரண்டாவது பறந்துவிட்டது, மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போனது.

கேள்வி: 200 மில்லி நீலகிரித் தைலம் பாட்டில், பாதிதான் இருக்கிறது. கைப்பையில் விடுவார்களா?
- வாசகி, ஊட்டி

பதில்: விடமாட்டார்கள். மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, பாட்டிலின் அளவுதான் கணக்கு, 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். இங்கே தப்பினாலும் மாறுகிற இடத்தில் மறுபடி சோதிப்பார்கள். உங்கள் ஊட்டி சேரிங் கிராஸில் சின்ன பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள்.