தம்பிக்கு வந்திருப்பது சோம்பலா, மனச்சோர்வா?

நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி ஒரு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, இது சோம்பலா மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் தம்பி இருக்கும் நிலையில் நான் இருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நைனா இறந்து சில மாதங்கள் கழித்து எனக்கு முதலில் கெட்டது தூக்கம்தான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதன்பின் கண் மூடாது. நெஞ்சில் பாரம், ஓயாத தலைவலி. இதயத்தில் ஏதோ கோளாறு என்று அஞ்சி ஈ.சி.ஜி. எடுத்தேன், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அம்மா கண் பட்டிருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். காசிமேட்டிலிருந்து அவர் ஆசையாக வாங்கி வந்த வஞ்சிரம்கூட வாயில் ருசிக்கவில்லை. இவையெல்லாம் மனத்தின் நோயாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் கேரம் போர்டு போட்டால் முதல் ஆளாக உட்காருபவன் நான். அந்த மாதங்களில் காய் அடிக்கும் சத்தம் கேட்டாலே சன்னலைச் சாத்திக்கொண்டேன். சோம்பேறிக்கு வேலை கசக்கும், விளையாட்டு கசக்காது. ஆகவே தம்பி வேலைக்குப் போகிறாரா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு உயிரான ஒன்றை அவரே தள்ளிவைத்துவிட்டாரா என்று பாருங்கள். நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருப்பதோ எதிலும் நாட்டமின்றிப் போவதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனுடன் தூக்கம், பசி, கவனம் குலைவதும், தன்னையே குற்றவாளியாக எண்ணுவதும் சேர்ந்துகொண்டால், மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோயாக ஐயுறுவார்கள்.

அக்கா மருத்துவரிடம் போகலாம் என்றபோது நான் சொன்ன பதில் இன்றும் என்னை வருத்துகிறது. "என்னைக் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆக்கப் பார்க்கிறாயா?" என்று கத்தினேன். எங்கள் பகுதியில் ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும், 1794ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறுடைய அரசு மனநல நிலையத்துக்கு 1961 முதல் தலைமை ஏற்றிருந்த டாக்டர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்பதோ, அங்கே புறநோயாளியாக மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோரும் உண்டு என்பதோ அன்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே நான் நான்கு மாதங்களை இழந்தேன்.

கடைசியில் அக்கா என்னை அழைத்துச் சென்றது ஸ்டான்லி மருத்துவமனைக்கு. சளி, காய்ச்சலுக்குப் போகும் அதே பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் அமர்ந்தோம், அவ்வளவுதான். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு தந்த மாத்திரை முதல் வாரத்தில் குமட்டலைத்தான் கொடுத்தது. பலன் தெரிய மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. பலர் இந்த இடைவெளியில்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றியபோதும் நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொன்னபடி பல மாதங்கள் தொடர்ந்து, பின்னர் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

தம்பியிடம் "உனக்கு என்ன குறை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாததுதான் அவர் படும் வேதனை. "இரவில் தூங்குகிறாயா?" என்று கேளுங்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். சாக வேண்டும் போலிருக்கிறதா என்றும் நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சி எதையும் மறைக்க வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றுதான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

அவர் வர மறுத்தால் மனநலம் என்ற பேச்சை எடுக்காமல், தூக்கத்துக்காகப் பார்த்துவிட்டு வரலாம் என்று அழையுங்கள். என்னை அக்கா அப்படித்தான் அழைத்துச் சென்றார்.