மூணு மா நிலத்தை விற்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து கேட்ட அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் அரசியலுக்குத்தான் போவேன் என்கிறாள். "அதுக்கும் சட்டம் படிச்சிருக்கணும், மூணு மாவை வித்து சென்னையில சேத்துடுவோம்" என்கிறார் உங்கள் அண்ணன். உங்கள் பயம் நியாயமானது, அண்ணனின் யோசனை தப்பு. சட்டமன்றத்துக்கோ ஊராட்சிக்கோ நிற்க இங்கே எந்தப் பட்டமும் தேவையில்லை. நிலத்தை விற்றுப் பதவிக்கு வருகிறவருக்கு, போட்டதை எடுக்கும் கணக்குதான் முதலில் ஓடும்.

இளைஞரணி, வக்கீல் தொழில் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். யாரும் சொல்லாதது ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவி. 21 வயதும் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். கட்சிச் சின்னம் கிடையாது. பாதி இடம் பெண்களுக்கு. 2019 தேர்தலில் டெபாசிட் 200 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 100. செலவு வரம்பு 9,000.

அந்த 21 வயது வரை பஸ்ஸில் போய்வரும் அரசுக் கலைக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பாடத்தைப் படிக்கட்டும். 18 முடிந்த கையோடு வாக்காளர் பட்டியலில் சேருங்கள். கிராம சபையில் பேசும் உரிமை அதோடு வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆறுக்கும் நோட்டோடு போகட்டும். கூட்டம் சேராத ஊர்களில் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வதுண்டு. எழுதியதைப் படித்து, தீர்மான எண்ணைக் குறித்த பிறகே கையெழுத்து.

வாய்க்கால் தூர்வார மனு எழுதுகிறாளா, முதலில் அது யார் வாய்க்கால் என்று பார்க்கட்டும். ஆறும் பாசன வாய்க்காலும் நீர்வளத்துறைக்கு; ஊர்க்குளமும் தெரு வடிகாலும் ஊராட்சிக்கு. மாற்றிக் கொடுத்த மனு மேசை மேசையாக அலையும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மே மாதம் விழித்துக்கொண்டால் தண்ணீர் வந்துவிடும், தூர்வாரல் கணக்கில் மட்டும் நடக்கும். ஜனவரி சபையிலேயே தீர்மானம் வேண்டும். சர்வே எண்ணோடு மனு இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும்.

கைமீறியதற்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க, மத்திய அரசு தளர்வு தர வேண்டும். "நான் எடுக்க வைக்கிறேன்" என்று களத்துமேட்டில் சொன்ன உறுப்பினர் அடுத்த போகத்தில் அந்தப் பக்கம் போக முடியாது.

இரண்டு விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன். வார்டு உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை, கூட்டத்துக்கு வரும் படி மட்டும்தான். பட்டத்தை வைத்து ஒரு வேலையும் அந்த மூணு மாவும்தான் அவளுக்குச் சோறு. அடுத்தது, ஜெயித்த பிறகு கூட்டத்தில் அவள் நாற்காலியில் அவள் அப்பாவோ மாமாவோ உட்காரக் கூடாது. அதற்குச் சம்மதம் இல்லையென்றால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.