ஆய்வைத் தேடுதல் – கடிதம்

வணக்கம் ஐயா,

பாளையங்கோட்டையில் முதுகலை உளவியல் மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் எடுக்கிறேன். ‘முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் மன அழுத்தம்’ என்று ஒரு மாணவி தலைப்பு எடுத்தாள். அதை அப்படியே ஆங்கிலத்தில் பப்மெட்டில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) அடித்திருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. ‘இதில் ஆய்வே இல்லை மேடம்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். கணினி அறை எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எதைச் சொல்லிக்கொடுப்பது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

முதல் முக்கால் மணி நேரம் கணினியைத் திறக்கவே விடாதீர்கள். ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தொழில், மறுபக்கம் மனநிலை. ஊர் இப்போது வேண்டாம். முக்கூடலில் செய்த ஆய்வே ஆனாலும் சுருக்கத்தில் தென்னிந்தியா என்றோ தமிழ்நாடு என்றோதான் எழுதியிருக்கக்கூடும். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் இருக்கிற கட்டுரையும் நழுவிப்போகும்.

தொழில் பக்கத்தில் பீடியின் எழுத்துக்கூட்டல் எல்லாம் வரட்டும்: பி-ஐ-டி-ஐ, பி-இ-இ-டி-ஐ, வங்காளப் பக்கத்து பி-ஐ-ஆர்-ஐ. எதிர்ப்பக்கத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ மட்டும் போதாது. டிப்ரஷன், ஆங்ஸைட்டி, டிஸ்ட்ரெஸ், மென்டல் ஹெல்த் எல்லாம் வேண்டும். ஒரே பக்கத்துச் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு அடைப்புக்குறிக்குள் பூட்ட வேண்டும். இரண்டு பூட்டுக்கும் இடையில் ஒரே ஒரு ‘ஆண்ட்’ (இரண்டும் இருக்க வேண்டும்). பப்மெட்டில் ‘ஆர்’, ‘ஆண்ட்’ இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடைப்புக்குறி விட்டுப்போனால் அது இடமிருந்து வலமாகவே சேர்த்துக்கொண்டு போகும்; கடைசியில் நிற்கும் ஆங்ஸைட்டிக்கு உலகத்துக் கட்டுரையெல்லாம் வந்து கொட்டும், பீடி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரண்டு தவறுகளை நீங்களே வேண்டுமென்று செய்து காட்டுங்கள். பன்மையையும் பிடிக்கலாம் என்று பி-ஐ-டி-ஐ-க்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் ‘பைடைரக்ஷனல்’ (இருதிசை) என்று சம்பந்தமில்லாத கட்டுரைகள் வரிசையாக வரும். அந்தச் சொல்லும் அதே நான்கு எழுத்தில்தான் தொடங்குகிறது. பன்மையைத் தனிச்சொல்லாக எழுதிவிடுவதே நல்லது. அடுத்து, வெறும் ‘ஸ்ட்ரெஸ்’. புகையிலைத் தூளால் செல்லுக்கு நேரும் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ கட்டுரைகள் உள்ளே நுழையும். ‘நாட்’ போட்டு அதை விலக்கத் தோன்றும். செய்யாதீர்கள், இரண்டையும் பேசுகிற கட்டுரையும் சேர்ந்து போய்விடும். ‘சைக்கலாஜிக்கல் ஸ்ட்ரெஸ்’ என்று மேற்கோள் குறிக்குள் தேடட்டும். கூடவே மெஷ் தலைப்பையும் ‘ஆர்’ போட்டுச் சேர்க்கட்டும். அது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் கட்டுரைகளுக்கு இடும் பொருள் தலைப்பு. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் அது இருக்காது, அதனால் மெஷ்ஷை மட்டும் நம்பக் கூடாது. ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் ‘ஹிஸ்டரி’க்குக் கீழே ‘டீடெய்ல்ஸ்’ திறந்தால், பப்மெட் நம் சொற்களை எப்படிப் புரிந்துகொண்டது என்பது முழுசாகத் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

கல்லூரியில் சைக்இன்ஃபோ (உளவியல் கட்டுரைகளுக்கான தரவுத்தளம்) சந்தா இருந்தால் அதே தாள் போதும். மெஷ்ஷுக்குப் பதில் அதன் சொந்தச் சொற்களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும். சந்தா இல்லையென்றால் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் என்று காட்டினாலும் 1000 முடிவுகளுக்கு மேல் திறக்காது. பப்மெட்டின் ‘இலவச முழுக்கட்டுரை’ வடிகட்டியைத் தொடவே வேண்டாம்; இலவசமில்லாத கட்டுரைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

‘ஆய்வே இல்லை’ என்பதை அந்த மாணவி இப்போதைக்கு அடித்துவிடட்டும். எந்தத் தேதி, எந்தத் தளம், தேடிய முழு வரி, வந்த எண்ணிக்கை என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன்பிறகும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்தத் தாளையும் இணைத்து எழுதலாம்.