1930களின் சூட்டா, 1970களின் சூட்டா? துணியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். பழைய ஆடைகள் மேல் எனக்கு ஆசை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரியிடம், ‘1930களைச் சேர்ந்தது’ என்று ரசீதில் எழுதித் தந்த டபுள் பிரெஸ்ட் (முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து, இரண்டு வரிசைப் பட்டன் வைத்த) சூட் ஒன்றை 280 பவுண்டுக்கு வாங்கினேன். பழுப்பு நிறம், சுண்ணாம்புக் கோடு, காலருக்குக் கீழே மார்பில் மடிந்து விழும் லாப்பல் நல்ல அகலம். பேன்டில் தோள்வார் மாட்டப் பட்டன்கள் இருக்கின்றன. ஆனால் முன்பக்கம் ஜிப். கோட்டின் பின்னால் இரண்டு ஆழமான பிளவுகள். உள்ளே லேபிள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இது உண்மையிலேயே 1930களின் சூட்தானா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே சொல்கிறேன், எனக்குச் சந்தேகம் அதிகம். பெரும்பாலும் 1969க்கும் 1976க்கும் நடுவில் தைத்ததாக இருக்கும். ஆனால் கடிதத்தை நம்பித் தீர்ப்பு சொல்லக்கூடாது. வீட்டிலேயே அரை மணி நேரத்தில் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம். ஒரு சூட் 1930களைச் சேர்ந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். சேர்ந்ததல்ல என்று நிரூபிப்பது சுலபம். அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத ஒரே ஒரு பொருள் உள்ளே கிடைத்தால் போதும். வியாபாரிகள் காட்டுவதெல்லாம் லாப்பல், கோடு, பட்டன் வரிசை என்று வெளியே தெரிகிற பாணியைத்தான். பாணியைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்ப நகல் எடுத்திருக்கிறது. அதனால் வயதைச் சொல்வதில் பாணிக்குக் கடைசி இடம்தான்.

இந்த நகலெடுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, லண்டனில் உயர்தரத் தையல்கடைகள் உள்ள சேவில் ரோ தெருவின் தையல்காரர்கள் ஏழாம் எட்வர்ட் காலத்து நீண்ட, ஒடுக்கமான கோட்டைப் பணக்கார வாலிபர்களுக்காக மறுபடி கொண்டுவந்தார்கள். அதைத் தெற்கு லண்டன் உழைப்பாளி வீட்டுப் பையன்கள் எடுத்துக்கொண்டு, வெல்வெட் காலர் வைத்து, கோட்டை இன்னும் நீளமாக்கித் தங்கள் உடையாக்கிக்கொண்டார்கள். 1953இல் பத்திரிகைகள் அவர்களுக்கு ‘டெடி பாய்ஸ்’ என்று பெயர் வைத்தன. 1971இல் லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் அதே டெடி பாய் கோட்டை மூன்றாம் முறையாக விற்க ஆரம்பித்தார்கள். இன்று ஒரு வெல்வெட் காலர் கோட்டு கையில் கிடைத்தால் அது 1905ஆ, 1953ஆ, 1972ஆ என்பதைக் காலர் சொல்லாது. உள்ளே இருக்கும் நூலும் லைனிங்கும்தான் சொல்லும்.

உங்கள் சூட்டின் பாணிக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1969 பிப்ரவரி 14 அன்று சேவில் ரோவில் டாமி நட்டர் கடை திறந்தார். அவருக்குத் துணி வெட்டித் தந்த கட்டர் எட்வர்ட் செக்ஸ்டன். 1930களின் அகலமான லாப்பலையும் தூக்கிய தோளையும் எடுத்து, இன்னும் பெரிதாக்கி, இடுப்பில் இறுக்கித் தைத்தார்கள். சில ஆண்டுகளில் சாதாரணக் கடைகளும் அதைப் பின்பற்றின. 1974இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ படத்தின் ஆண்கள் உடைகளை அமெரிக்க வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் தந்தார். பழைய பாணி மேல் அன்று எவ்வளவு மோகம் இருந்தது என்பதற்கு அது ஒரு அடையாளம். அந்த நாட்களில் தைத்த சூட்டுகளுக்கு இப்போது ஐம்பது வயது. பார்த்தாலே பழசாகத் தெரியும். நல்லெண்ணத்தோடேகூட ஒரு வியாபாரி ஏமாந்துபோகலாம்.

சரி, இப்போது சூட்டை மேஜைமேல் விரியுங்கள்.

பிளவுகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1930களின் டபுள் பிரெஸ்ட் கோட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பிளவே கிடையாது. பத்து அங்குலத்துக்கு ஏறுகிற இரட்டைப் பிளவு 1960களின் கடைசியிலும் 1970களிலும் ஓங்கிய பழக்கம். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன், ஆனால் என் சந்தேகம் இங்கிருந்துதான் தொடங்கியது.

ஜிப்பில் அவசரப்படாதீர்கள். அன்றைய வேல்ஸ் இளவரசர் 1934இலேயே பேன்டில் ஜிப் வைத்துக்கொண்டார். ஆனாலும் இங்கிலாந்தில் பட்டன் வைத்த பேன்ட்தான் 1950கள் வரைக்கும் சர்வசாதாரணம். ஜிப்பின் பற்கள் நைலானாக இருந்தால் அது 1930களின் ஜிப் அல்ல. உலோகப் பற்கள் இருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது, 1970களிலும் உலோக ஜிப் நிறையவே தைத்தார்கள். பழைய பேன்டில் பட்டன்களை எடுத்துவிட்டுப் பின்னால் ஜிப் வைத்த வழக்கமும் உண்டு. அப்படியானால் மடிப்பின் உள்ளே பழைய காஜாவின் தடமோ ஊசித் துளை வரிசையோ தெரியும்.

அடுத்து வருகிற சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கோட்டின் கடைசிப் பட்டனுக்குக் கீழே, முன்பக்கத் துணியை ஒரு விரலாலும் உட்பக்கத் துணியை இன்னொரு விரலாலும் பிடித்து மெல்லப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியாக மிதந்தால் அது கேன்வாஸ், ஊசியால் தைத்து நிறுத்தியது. மூன்றாவது அடுக்கு கைக்குத் தட்டுப்படாமல், முன்துணி மட்டும் விறைப்பாக இருந்தால், பசை தடவிய உள்துணியை வெப்பத்தால் ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஒட்டு முறை கோட்டுகளில் பரவலானது 1960களுக்குப் பிறகுதான். ஒட்டியிருந்தால் 1930கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. கேன்வாஸ் இருந்தால் முடியவில்லை. நல்ல தையல்காரர்கள் 1970களிலும் கேன்வாஸ்தான் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். மார்புப் பகுதியில் துணி குமிழ் குமிழாக எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பசை விட்டுப்போனால்தான் அப்படி ஆகும்.

அப்புறம் நூல். கோட்டின் நடுமுதுகுத் தையலில், லைனிங்குக்கு உள்ளே, ஒரு சின்ன நூல் துண்டை எடுங்கள். ஓரத்து மடிப்பிலிருந்து எடுக்காதீர்கள், அங்கே யாராவது பிற்காலத்தில் திருத்தித் தைத்திருக்கலாம். இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துத் தீயில் காட்டுங்கள். உருகிக் கெட்டியான கருப்பு மணி மாதிரி சுருண்டால் பாலியஸ்டர். அது 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பொருள், கடைக்கு வந்ததே 1950களில். காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. லைனிங்கிலும் சூட்டின் துணியிலும் ஒவ்வொரு இழை எடுத்து இதையே செய்யலாம். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும்.

துணியின் கனத்தையும் கையால் உணரலாம். 1930களின் ஆங்கிலேய சூட் துணி கெஜத்துக்கு 16 முதல் 20 அவுன்ஸ் வரை இருப்பது சாதாரணம்; மீட்டருக்குச் சுமார் அரைக் கிலோவிலிருந்து 600 கிராம். முழங்கையில் மாட்டினால் கனமாகத் தொங்கும், கசங்கினாலும் தானாகவே நிமிரும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த துணி அதைவிட நன்றாகவே லேசு.

உடம்பளவைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களின் பேன்ட் தொப்புள்வரை ஏறும், தொடையிலிருந்தே தளர்வாக நேராக இறங்கும். 1970களின் பேன்ட் பெரும்பாலும் தொடையில் ஒட்டிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே விரியும். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1920களின் ‘ஆக்ஸ்ஃபோர்ட் பேக்ஸ்’ என்ற தொளதொள பேன்ட் 1970களில் திரும்ப வந்தது, வட இங்கிலாந்தின் விகன் கசினோ என்ற நடன அரங்கில் விடிய விடிய ஆடிய பையன்கள் போட்டதும் அதுதான். அதன் இடுப்புப் பட்டையில் மூன்று நான்கு பட்டன்கள் வரிசையாக இருந்தால் 1970கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோள்வார் பட்டன் இருப்பதால் மட்டும் பழசு ஆகிவிடாது. பத்து நிமிட வேலை அது, யாரும் பிற்பாடு தைக்கலாம்.

1980களின் சூட்டாக இருக்குமோ என்று யோசித்தால், கை உடலோடு சேருகிற வளையமான ஆர்ம்ஹோலைப் பாருங்கள். 1930களிலும் 1970களிலும் அது உயர்ந்து அக்குளை ஒட்டியே இருக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜியோ அர்மானி வழியில் வந்த 1980களின் தளர்ந்த டபுள் பிரெஸ்டில் ஆர்ம்ஹோல் ஆழமாகத் தொங்கும், காலரும் லாப்பலும் சேருகிற தையல் கழுத்தெலும்பை விட்டு நெஞ்சுப் பக்கம் இறங்கியிருக்கும். நீங்கள் சொல்கிற ஆழமான இரட்டைப் பிளவு அதோடு பொருந்தவில்லை.

லேபிள் போய்விட்டதே என்று வருந்தாமல் இன்னும் இரண்டு இடத்தில் தேடுங்கள். உள் மார்புப் பையைத் தலைகீழாக இழுத்துப் பாருங்கள். அளவெடுத்துத் தைத்த ஆங்கிலேயக் கோட்டுகளில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் மையால் எழுதிய சீட்டு அந்தப் பைக்குள்ளேதான் இருக்கும். வெறும் ‘38’ என்று மட்டும் இருந்தால் 1938 என்று துள்ளிவிடாதீர்கள், அது மார்பளவாக இருக்கும். இடுப்புப் பட்டையின் உட்புறத்திலும் பையின் தையல் ஓரத்திலும் சின்னத் துணிச்சீட்டு இருக்கிறதா பாருங்கள். கம்பளிப் பந்து போல் வளையும் ‘வுல்மார்க்’ சின்னம் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். அந்தச் சின்னம் பிறந்தது 1964இல். துவைக்கும் முறையைக் காட்டும் குறிகளும் இழை சதவீதமும் இங்கிலாந்து ஆடைகளில் பரவலானது அதற்கும் பின்னால்தான்.

போர்க்கால இங்கிலாந்தில் அரசு வரையறுத்த உடைகளுக்கு 1941 முதல் வைத்த ‘சிசி41’ முத்திரை உங்கள் சூட்டில் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள தையலைப் பாருங்கள், பழைய முத்திரையைப் பிரித்து வேறு கோட்டில் தைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 1942 முதல் 1944 வரை சிக்கனக் கட்டுப்பாட்டால் டபுள் பிரெஸ்ட் கோட்டே அங்கே தைக்கக்கூடாது என்றிருந்தது. அதனால் டபுள் பிரெஸ்டில் சிசி41 கண்டால் 1942 கட்டுப்பாட்டுக்கு முந்தியதா, 1944க்குப் பிந்தியதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுவேலை.

என் கருத்தைக் கேட்டால், கேன்வாஸ் போட்டு, கம்பளித் துணியில், கையால் காஜா எடுத்த 1970களின் சூட் என்று தெரியவந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். 1930களை அவ்வளவு காதலித்துத் தைத்த உடைகள் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை. விலையில் மட்டும் வியாபாரியிடம் பேசுங்கள். ஒட்டுத் துணியும் பாலியஸ்டரும் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்துப்போகவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ரசீதில் ‘1930கள்’ என்று எழுதியே தந்திருக்கிறார், அதைப் பத்திரமாக வையுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இந்த வாரமே சோதித்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை சூட்டையும் அந்த ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.