வீடு கட்டும் கான்ட்ராக்டரை கூகுள் ரிவ்யூ பார்த்து முடிவு செய்யலாமா?

ஓரளவுக்குப் பார்க்கலாம். ஆனால் அப்படிப்பட்ட ஐந்து நட்சத்திர ரிவ்யூ ஒன்றை நானே எழுதியிருக்கிறேன், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டி, ஆவணியில் பால் காய்ச்சினோம். பந்தியில் பாயசம் ஊற்றும் நேரத்துக்கு இன்ஜினியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், ஒரு ரிவ்யூ போட்டுடுங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினார். புதுப் பெயின்ட் வாசம், சொந்தக்காரர்களின் பாராட்டு. அந்த நேரத்தில் நான்கு போட யாருக்கு மனசு வரும்? ஐந்து போட்டேன்.

ஐப்பசி மழையில் மாடி பாத்ரூமின் பின்சுவர் ஓதம் அடித்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. போன் செய்தால் "நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்" என்பார். இருபது நாள் ஓடியது. கடுப்பில் ரிவ்யூவை இரண்டு நட்சத்திரமாக மாற்றினேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். அதே வாரம் டைல்ஸைப் பெயர்த்துச் சரிசெய்தும் கொடுத்தார். போகும்போது, "அதைப் பழையபடி அஞ்சாக்கிடுங்க சார்" என்றார். ஆக்கிவிட்டேன். இன்று அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஓதம் தெரியாது.

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது தாண்டிய வீட்டுக்காரர் எழுதியதா? இல்லையென்றால் அதைக் கிரகப்பிரவேச மொய் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஜெய்ப்பூரில் பல் டாக்டர், கொல்கத்தாவில் ஜிம், செங்கல்பட்டில் பில்டர் என்று ஒரே வாரத்தில் எல்லாருக்கும் ஐந்து போட்டிருந்தால் அது காசு வாங்கிய கை. 2022 நவம்பரில், பொருட்களுக்குத் தரம் வகுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.ஐ.எஸ். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்றொரு தரநிலையைக் கொண்டுவந்தது. ஆனால் விரும்பிய தளங்கள் பின்பற்றலாம் என்றுதான் அப்போது விட்டார்கள்.

குறைந்த நட்சத்திரங்களைப் பொறுமையாகப் படியுங்கள். "லேட் பண்ணிட்டார்" என்ற புகாரை நான் பெரிதாக எடுப்பதில்லை. மழை, மணல், ஊருக்குப் போன ஆட்கள் என்று அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். "ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்ததும் ரேட்டை ஏத்தினார்", "ரூஃப் பணம் வாங்கினதோட சரி, ஆளையே காணோம்" என்று சம்பந்தமில்லாத இரண்டு பேர் எழுதியிருந்தால் அந்த ஆளை அப்படியே விட்டுவிடுவேன்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. ரிவ்யூ இருப்பது இன்ஜினியர் பெயரில், வீட்டைக் கட்டுவது மேஸ்திரி. ஒரே கம்பெனிக்கு நாலைந்து மேஸ்திரி செட் இருக்கும். நல்ல பெயர் ஒரு செட் வாங்கிக் கொடுத்தது, உங்களுக்கு வருவது வேறு செட். அதனால் திருவெறும்பூரில் தங்கை வீடு கட்டும்போது, "மூணு வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஒரு வீட்டைக் காட்டுங்க, அதே மேஸ்திரியைத்தான் எங்களுக்கும் தரணும்" என்றோம். இரண்டு பேர் மழுப்பினார்கள். மூன்றாமவர் உடனே கூட்டிப்போனார்.

அந்த வீட்டு அம்மா எங்களை நேரே பாத்ரூம் பின்சுவருக்குத்தான் அழைத்துப்போனார். கை வைத்துப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. ரூஃப் போட்டு, கான்கிரீட் நன்றாக இறுக எத்தனை நாள் தண்ணீர் கட்டினார்கள் என்று கேட்டேன். நாம் வழக்கமாக வாங்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் வேண்டும். "பதினாலு நாள். பாத்தி கட்டி நிப்பாட்டினார். ஒரு நாள் நான் மறந்துட்டேன்னு அந்த மேஸ்திரி என்னையே சத்தம் போட்டுட்டார், சரியான கோவக்காரர்" என்றார்.

"இதையெல்லாம் ரிவ்யூவில் எழுதினீங்களாம்மா?"

"அப்படின்னா?"

வெளியே வந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.