அந்த ஒரு ‘யாவது’

ஐயா, வணக்கம். எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். போன வருஷம் ப்ளஸ் டூ முடிச்சேன். எம்பிபிஎஸ் கிடைக்கல, சரி வெட்னரியாவது படிக்கலாம்னு அப்ளை பண்ணினேன், கட்-ஆஃப் பத்தாம அதுவும் போச்சு. ‘மாட்டாஸ்பத்திரிகூட இவள சேத்துக்கல’ன்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க. இன்னொரு வருஷம் ட்ரை பண்ணவா, இல்ல ஜுவாலஜில சேந்துடவா? பேர் போட வேண்டாம்.

அம்மாடி,

சொந்தக்காரங்கள விடு, அவங்களுக்கு வருஷா வருஷம் சிரிக்க யாராவது வேணும். நம்ம ஊர்ல வெட்னரி சீட்டுல பெரும்பகுதி ப்ளஸ் டூ மார்க்குலதான் போகுது, ஆனா 15 சதவீதம் நீட் வழியா. அத இன்னொரு தடவ எழுது, ஜுவாலஜிலயும் சேந்துக்க. அவ்ளோதான்.

எனக்குக் கோவம் வந்தது அந்த ‘யாவது’லதான். காப்பி இல்லன்னா டீயாவது குடுங்கன்னு கேக்கலாம், அஞ்சரை வருஷம் படிக்கிற படிப்புக்குப் பின்னாடி கொண்டுபோய் ‘யாவது’ ஒட்டுவியா நீ? வாயில்லா ஜீவன்னு டயலாக் பேச வரல. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

எங்கப்பா பாலுக்கு ஆசப்பட்டு உம்பளாச்சேரி மாட்ட வித்துட்டு ஜெர்சி கிராஸ் ஒண்ணு வாங்கினார். ஐப்பசி அடமழை, கன்னு போட்ட மறுநாள் ராத்திரி அது எந்திரிக்கல, கழுத்த மடக்கி விலாவுல சாச்சுக்கிட்டு படுத்துடுச்சு, காதத் தொட்டா ஜில்லுங்குது. அப்பாயி காத்து கருப்புன்னு திருநீறு பூசிக்கிட்டிருக்கு. டாக்டர் வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு பேண்ட்ட மடிச்சுக்கிட்டு சேத்துல நடந்து வந்தார், பாத்த ஒடனே பால் காய்ச்சல்னுட்டார். ஒடம்பு ஜில்லுன்னு இருக்கு, காய்ச்சல்ங்கிறாரேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. பேருதான்டா காய்ச்சல், ரத்தத்துல இருக்க வேண்டிய கால்சியம் பாலுக்குப் போயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே கழுத்து நரம்புல ஊசிய ஏத்தி பாட்டில என் கையில குடுத்தார். ஒசத்தாத, வேகமா ஏறினா ஹார்ட் நின்னுடும்னார். ஸ்டெத்த மாட்டோட நெஞ்சுல வச்சுக்கிட்டு, என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தார், மாட்ட இல்ல. கை மரத்துப்போச்சும்மா. பாட்டில் முடியறதுக்குள்ள அதுக்கு ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு, ஏப்பம் விட்டுது, சாணி போட்டுது, அர மணி நேரத்துல எந்திரிச்சு நின்னு கன்ன நக்குது. வீட்ல சீம்பாலத் தவிர பால் கெடையாது, மனுஷன் கடுங்காப்பிய குடிச்சுட்டு, ரெண்டு நாளைக்கு ஒட்டக் கறக்காதீங்க, மடியில கொஞ்சம் விட்டு வைங்கன்னு சொல்லிட்டு அதே சேத்துல போனார்.

ஒனக்கு ஒரத்தநாட்டுலயே காலேஜ் இருக்கு, 2012லேர்ந்து. எங்க காலத்துல மெட்ராஸ், இல்ல நாமக்கல். சரி அது கெடக்கட்டும். நாளைக்குக் காலையில பக்கத்து மாட்டாஸ்பத்திரில போய்க் கேட்டுக்கிட்டு ஒரு ஓரமா நில்லு. தெனம் போ. என்னைக்காவது கன்னு தல திரும்பின கேஸ் வரும், தோள்பட்ட வரைக்கும் கைய விட்டுத் திருப்புவாங்க. பாத்துட்டுக் கொமட்டுச்சுன்னா ஜுவாலஜியோட நிறுத்திக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கொமட்டலன்னா எனக்கு இன்னொரு லெட்டர் போடு, அந்த ‘யாவது’ இல்லாம.