வெள்ளம் வடிந்த வீட்டில் உடனே குடியேறலாமா?

ஊத்தங்கரையில் வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவிவிட்டோம், குழந்தையோடு குடிபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுவர் காயும்வரை வேண்டாம்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலில், அங்கே ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் வீட்டுத் தரை சீக்கிரமே காய்ந்துவிட்டது. அப்புறம் பீரோவை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கரும்பச்சைப் பூஞ்சை; தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே பூஞ்சை பிடித்துவிடும். அந்தத் துகள் மூச்சில் போனால் இருமல், மூக்கடைப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும். ஊறிப்போன பஞ்சு மெத்தையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள்.